தூணில் இருக்கும் தவளை எங்கே பார்க்கிறது

அன்பு மகளுக்கு,

தூணில் நீ செதுக்கிய தவளையைக் கொத்தி எடுத்தாயிற்றா என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். "லைன் சரியில்லட்டி, ஒண்ணும் விளங்கல" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. துபாயில் நீ பெருமூச்சு விட்டதுகூடக் கோவில்பட்டியில் எனக்குக் கேட்டது. ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிகிற பதிலாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். அப்படி இல்லாததால்தான் எழுத உட்கார்ந்தேன். இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்பதில்லை. உன்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டினாலும் சரி, பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு இருக்கிற வேறு தாய்மார் கையில் கிடைத்தாலும் சரி. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

நீ சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. எட்டயபுரம் சாலையில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அண்ணாச்சிக்கு நீ கட்டிக்கொடுத்த பிள்ளைகள் மண்டபத்தில் தரை வெடித்ததற்கு உன் தவளைதான் காரணம் என்று தெரிந்த அன்றைக்கு, "கல் வேலைக்காரர் யாரையாவது பிடிச்சு அதக் கொத்தி எடுத்துரும்மா, தூணு மொழுமொழுன்னு ஆயிரட்டும்" என்றாய். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னாய். உன்னை எடுத்திருக்கிற கம்பெனிக்காரர்கள், உன் பயோடேட்டாவில் மூன்று வேலை எழுதியிருப்பது தங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது, இங்கே எதுவாக இருக்கிறாய் என்று ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போடு என்று கேட்டார்களாம். "நான் இனிமே இன்ஜினீயர் மட்டுந்தாம்மா. உளி, சுத்தியல் எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துரு" என்றாய். அன்றையிலிருந்து எனக்கு ஒரே யோசனை. கொத்தச் சொன்னது யார்? இன்ஜினீயரா, ஆர்க்கிடெக்டா? அந்தத் தவளையைச் செய்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? மூன்று பேரும் ஒரே உடம்புக்குள்தானே இருக்கிறீர்கள், உள்ளே எப்படித்தான் பேசிக்கொள்வீர்கள்?

இதை நான் கேலிக்குக் கேட்கவில்லை. நீ என்ன வேலை பார்க்கிறாய் என்பது எனக்கு இத்தனை வருடமாகத் தீராத புதிர். சம்பந்தம் பேச வருகிறவர்கள் கேட்டால் இன்ஜினீயர் என்பேன், அது எல்லோருக்கும் தெரிந்த வேலை. படித்தவர்கள் கேட்டால் ஆர்க்கிடெக்ட் என்பேன். கோயிலில் குருக்கள் ஒருநாள், "உங்க பொண்ணு சிற்பியாமே, என்னென்ன மூர்த்தி செஞ்சிருக்கா?" என்று கேட்டார். "இப்போதைக்குத் தவளை" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துளசியைக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தார்.

நீ ஒன்பதாவது படிக்கிறபோது நம் வீட்டுச் சுவரில் வந்த விரிசல் உனக்கு நினைவிருக்கும். புது வீடு, கரிசல் மண். அந்த மண் கோடையில் வெடிப்பதையும் மழையில் ஊறி உப்புவதையும் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம். வெடிப்புக்குள் கோலிக் குண்டைப் போட்டுவிட்டு, தரையோடு காதை வைத்து அது எங்கே போய் விழுகிறது என்று நீ கேட்டுக்கொண்டிருப்பாய். ஆனாலும் வீட்டுச் சுவரில் விரிசல் வந்ததும், அது மண்ணின் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. அதுவும் ஈசானிய மூலையில், பூஜை அலமாரிக்குப் பின்னால். கண்ணேறு என்றார்கள். வாசலில் ஆகாசக் கருடன் கிழங்கு கட்டினேன். வெள்ளிக்கிழமைதோறும் திருநீற்றைக் குழைத்து, விரிசலின் மேல் குறுக்காக மூன்று பட்டை போட்டேன். ஒரு நாள் நீ பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாய்.

"யம்மா, நீ வெள்ளிக்கெழம பூசுன துண்ணூறு ரெண்டா விண்டு கெடக்கு. சாமியே ஒடச்சுக்கிடுதா?"

"ஏட்டி, சாமி விஷயத்துல வெளையாடாத."

"வெளையாடலம்மா. செவுரு நவுந்தா நம்ம கண்ணுக்குத் தெரியுறதுக்கு முந்தி இதுக்குத் தெரிஞ்சிருது. நெசம்மாத்தான் சொல்லுதேன்."

திருநீறு காய்ந்தால் முறுக்கு மாதிரி, கொஞ்சம் அசைந்தாலும் விண்டுவிடும். சுவர் காக்கப்படட்டும் என்று நான் பூசியது, சுவர் என்ன செய்கிறது என்று உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன்பிறகு நீ வேறு மூலைகளிலும் பூசச் சொன்னாய். எனக்குப் பெருமை, பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்று. மற்ற மூலைகளில் பட்டை முழுசாக இருந்தது, ஈசானிய மூலையில் மட்டும்தான் விண்டது. அப்போதுதான் அடுக்களையில் என் பின்னால் வந்து நின்று கேட்டாய்.

"சாமி குளிச்ச தண்ணிய எங்க ஊத்துத?"

"கால் மிதிபடாத எடத்துல. வேற எங்க ஊத்துவாக?"

"அது எந்த எடம்?"

"வெளிய, அந்த மூலையில. அங்கனதான் யாரும் நடக்க மாட்டாக."

"தெனமுமா?"

"தெனமும்தான். பக்திக்கு ஞாயித்துக்கெழம லீவா?"

நீ சிரிக்கவில்லை. "அந்தத் தண்ணி அப்புறம் எங்கம்மா போகுது?" என்றாய்.

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பொட்டலம் கட்டி வந்த தாளை விரித்துப் படித்தே மிச்சத்தைக் கற்றுக்கொண்டேன். எண்ணெய், பால், சூடம் என்று வீட்டுக்குள் வந்த எதற்கும் அது எங்கே போயிற்று என்று கணக்கு வைத்திருப்பேன். அபிஷேகத் தண்ணீருக்கு மட்டும் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. நீயும் உங்கள் அப்பாவும் அந்த மூலையில் தோண்டினீர்கள். அங்கே மண் அல்வா மாதிரி குழைந்து கிடந்தது, நாலு எட்டுத் தள்ளி கடப்பாரை இறங்காமல் காய்ந்து கிடந்தது. ஊறிய மண் அந்த மூலையை மட்டும் மேலே தள்ளியிருக்கிறது. மறுநாளிலிருந்து தண்ணீரைக் கொல்லைக் கோடியில் செம்பருத்திக்கு ஊற்றினேன். விரிசல் அதோடு நின்றது. சாமி குளித்த தண்ணீர் சுவரைத் தூக்கும் என்று எந்தப் புராணத்திலும் நான் படித்ததில்லை. எனக்கு அன்றைக்கு வருத்தம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. மண்ணுக்குப் பக்தியும் ஒன்றுதான், பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஒன்றுதான் என்றால், இந்த மண்ணை இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. அந்த ஆசை என்னைவிட உனக்கு ஆழமாக விழுந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

சென்னைக்கு ஆர்க்கிடெக்ட் படிக்கப் போனாய். வீட்டை வரையக் கற்றுக்கொண்டு வந்து, "வரஞ்சது நிக்குமான்னு எனக்கே தெரியலம்மா" என்றாய். வேலை பார்த்துக்கொண்டே இன்ஜினீயர் பரீட்சைகளைத் தபாலில் எழுதித் தேறினாய். அதோடு நிற்கும் என்று நினைத்தோம். மகாபலிபுரத்துப் பக்கம் ஒரு பட்டறையில் சனி, ஞாயிறு உட்கார்ந்து கல் கொத்துகிறாய் என்று கேள்விப்பட்டபோது உங்கள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு படிப்பு படிச்சுட்டு அம்மி கொத்தவா போனா?" என்று பாதியில் எழுந்தார். லீவுக்கு வந்த நீ, ஒரு கல்லை வேறு லாரியில் போட்டுக் கொண்டுவந்து கொல்லையில் இறக்கினாய். டங் டங் என்று சத்தம். பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன மதினி, மக தொழில் மாத்திட்டாளா? எங்க அம்மி வழுக்குது, கொத்தித் தருவாளா?" என்றாள். குத்தலுக்குத்தான் சொன்னாள். நீ உளியை எடுத்துக்கொண்டு நிஜமாகவே போய்விட்டாய். கொத்தி முடித்து, அதிலேயே மிளகாயை வைத்து அரைத்துப் பார்த்து, இன்னும் இரண்டு கொத்துக் கொத்திவிட்டு வந்தாய். மதினி அன்றைக்கு ஒரு கிண்ணத்தில் துவையல் கொடுத்தனுப்பினாள். இன்றைக்கும் அவள் வீட்டுக்கு யார் வந்தாலும், "இது இன்ஜினீயர் கொத்துன அம்மியாக்கும்" என்று காட்டுகிறாள். "அந்த அம்மியில உனக்கு என்னட்டி கெடச்சுது?" என்று கேட்டேன். "கொத்துறப்ப கல்லு எந்தப் பக்கம் சாயும்னு கைக்குத் தெரியுதும்மா. தாள்ல போட்டா தெரிய மாட்டேங்கு" என்றாய். எனக்கு முழுசாக விளங்கவில்லை. ஆனால் கொழுக்கட்டை மாவு பதம் எனக்குக் கைக்குத் தெரிகிற மாதிரி ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் அண்ணாச்சியின் மண்டபம் வந்தது. தாய்மார் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும்போது அவர்களுடைய கைப்பிள்ளைகள் மருந்து வாடையில், குச்சிக் குவியலுக்கு நடுவே கிடக்கக் கூடாது, பக்கத்திலேயே நல்லதாக ஓர் இடம் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அப்போது அடிக்கடி சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவேன். வந்தால் உன்னைக் கேள்வி கேட்டே தீர்ப்பேன். மண்டபத்துக்கு நடுவே ஒரே ஒரு கல் தூண், மொத்தக் கூரையும் அதன் தலையில். இந்த மண்ணை நம்பி எப்படி நிறுத்துகிறாய் என்றேன். "மேல் மண்ணு வருசத்துக்கு ஒருக்கா மூச்சு விடும்மா. அத நம்பக் கூடாது. வெடிப்பு எட்டாத ஆழத்துல, வெங்காயம் மாதிரி அடியப் பெருசாக்கி ஊனிக்கிடணும்" என்றாய். தூணைச் சுற்றித் தரையை ஒட்டாமல் இரண்டு விரல் அகலம் இடைவெளி விட்டு மணல் நிரப்பினாய். "தர தனி, தூணு தனி. மண்ணு எழும்புனா தர எழும்பிக்கிடட்டும், தூணத் தொடப்படாது" என்றாய்.

அந்தத் தூணில் தரையிலிருந்து என் இடுப்பு உயரம் வரைதான் செதுக்கினாய். எறும்புச் சாரி, கம்பங்கதிர், ஓணான், ஆட்டுக்குட்டியின் காது, ஒரு தவளை. அதற்கு மேலே வெறும் கல். "மேல என்னட்டி மொட்டையா விட்டுட்ட?" என்று கேட்டதற்கு, "மேல யாரும்மா தொடப் போறா?" என்றாய். தவளை மட்டும் வாயைப் பிளந்துகொண்டு வாசலைப் பார்க்காமல் அண்ணாந்து எங்கோ பார்த்தது. ஏன் என்று கேட்டேன். "உக்காந்து பாரு" என்றாய். எனக்கு முழங்கால் வலி, அதோடு பஸ்ஸுக்கு நேரமாயிற்று. அண்ணாச்சியும் தன் பங்குக்கு, கிழக்குச் சுவரில் உயரத்தில் நீ வைத்திருந்த சின்ன ஜன்னலைக் காட்டி, "ஏம்மா, இது எங்க ஆபீசுத் தகரத்தப் பாக்குறதுக்கா?" என்று சிரித்தார். நின்று பார்த்தால் அதில் பக்கத்துக் கட்டடத்தின் தகரக் கூரைதான் தெரியும்.

ஆடியில் வேலை முடிந்தது. ஆவணியில் நீ விமானம் ஏறினாய். புரட்டாசியில் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் தூணுக்குப் பக்கத்தில் தரை கொப்புளம் மாதிரி மேலே வந்து, நாலு பக்கமும் விரிசல் ஓடியிருந்தது. அண்ணாச்சி யாரோ ஒரு காண்ட்ராக்டரைக் கூட்டிவந்திருந்தார். தூண் இறங்குகிறது, சுற்றி நாலு இரும்புக் காலை நட்டு எல்லாவற்றையும் சேர்த்து சிமெண்டால் மூடிவிட வேண்டும் என்பது அவர் யோசனை.

"தங்கச்சி, உங்க மக மேல எனக்குக் கொறை இல்ல. ஆனா பச்சப் பிள்ளைக வெளையாடுற எடம். எனக்குப் பயமா இருக்கு."

"அண்ணாச்சி, ஒரு மாசம் குடுங்க. அவகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது ஒன்றுதான். "யம்மா, துண்ணூறு பூசு." பூசினேன். தரை விரிசலில் பூசினேன், சுவரில் பூசினேன். தூணும் உத்தரமும் சேரும் இடத்துக்கு எனக்கு எட்டாது. மண்டபத்தைப் பெருக்குகிற வேலம்மா ஏணியில் ஏறிப் பூசினாள். ஆடு மேய்க்கிற குடும்பத்துப் பெண், தீப்பெட்டி ஆபீஸில் வேலை, மண்டபத்துச் சாவி அவளிடம்தான். அவள் பிள்ளையும் இங்கே வர வேண்டிய பிள்ளை. சனிக்கிழமைதோறும் நான் போய்ப் பார்ப்பேன். மேலே பட்டை அப்படியே இருந்தது. தரையில்தான் விண்டிருந்தது. "அப்ப தூணு எறங்கலம்மா, தரதான் ஏறுது" என்றாய். "ஆனா மழையே இல்லியே?" மழை எங்கே? ஊரெல்லாம் விதைப்புக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. காடெல்லாம் மாட்டுக் குளம்பு மாட்டுகிற அளவுக்கு வெடிப்பு. மண்டபத்துக்கு அடியில் மட்டும் மண் மழை பெய்ததுபோல ஊதிக்கொண்டிருந்தது. வேலம்மாவைக் கேட்டேன்.

"ஏ வேலம்மா, இங்கன யாரும் தண்ணி கிண்ணி ஊத்துதீயளா?"

"சாமி சத்தியமா இல்லக்கா. ஒரு சொட்டு ஊத்தல."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. புதிர் இன்னும் இறுகியது. மறு வாரம் எட்டயபுரத்தில் ஒரு கல்யாணம், வெள்ளிக்கிழமை. திரும்பும்போது மதியம் மண்டபத்துப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். சாப்பாட்டு நேரம். உள்ளே ஏழெட்டுப் பெண்கள், இடுப்பில் குடம். உன் தவளைக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தலையில் நிறைகுடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தவளையின் வாய் வழியாக வழிந்து, தூணைச் சுற்றி நீ விட்ட மணலுக்குள் சொட்டுத் தேங்காமல் இறங்கியது.

"வேலம்மா! ஒரு சொட்டு ஊத்தலன்னு சொன்னியே!"

"ஊத்தலியேக்கா, குளிப்பாட்டுதோம்" என்றாள், நான் என்ன கேட்கிறேன் என்றே புரியாமல்.

நீ சின்னப்பிள்ளையில் பார்த்திருக்கிறாய். மழை பொய்த்தால் தவளையை உலக்கையில் கட்டித் தெருத் தெருவாகத் தூக்கி வருவார்கள், வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றுவார்கள், தவளை நனைந்தால் வானம் இறங்கும் என்று. "நெசத் தவளைய உலக்கையில கட்டுனா அது பாவம்க்கா, வெக்கையில செத்துப்போகும். இது கல்லு, ஒண்ணும் ஆகாது" என்றாள் வேலம்மா. இன்னொருத்தி தூணைச் சுற்றிய இடைவெளியைக் காட்டி, "தண்ணி போக வழி வச்சுல்லா கெட்டியிருக்காக உங்க மக! வெவரமான பிள்ள" என்றாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தரை தூணைத் தொடாமலிருக்க இன்ஜினீயர் விட்ட வழியிலேயே, சிற்பி செய்த தவளைக்கு ஊற்றிய தண்ணீர் நேராக அடி மண்ணுக்குப் போகிறது. தவளை கொஞ்சம் சுமாராக இருந்திருந்தால் யாரும் குடம் தூக்கி வந்திருக்க மாட்டார்கள்.

இதை நான் சொன்னபோதுதான் நீ கொத்தி எடுக்கச் சொன்னாய். நான் கல் வேலைக்காரரைத் தேடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் பெண்களுக்கு முன்பே போய்த் தூணடியில் நின்றுகொண்டேன். நம் வீட்டு மூலைச் சுவர்க் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், ஆனால் குடத்தை இறக்கவில்லை.

"எல்லாஞ் சரிக்கா. தண்ணி படாத தவளைக்கு மழ எப்படித் தெரியும்?" என்றாள் ஒருத்தி.

"இங்கன ஊத்துனா பிள்ளைக ஓடுற தர எழும்புமே தாயி."

"மழ இல்லன்னா பிள்ளைக எதத் திங்கும்? அதயுஞ் சொல்லுங்க."

அவள் கேட்டதில் பொய் இல்லை. முருகனை நினைத்துக்கொண்டேன். பிறகு கேட்டேன், "பொங்கலுக்குச் சாமிக்குச் சோறு வைக்கமே, சாமியா திங்குது?"

"இல்ல, காட்டுதோம்."

"அப்ப யாரு திங்கா?"

"எங்க வீட்டுக்காரருதான்! நாங்க கும்புட்டுக் கண்ணத் தெறக்குறதுக்குள்ள எலையில ஒக்காந்திருவாரு" என்றாள் வேலம்மா. எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"அப்ப தவளைக்கும் தண்ணியக் காட்டுங்க. குடிக்கிறத அந்தா நிக்கிற வேம்பு குடிக்கட்டும்."

வேலம்மா குடத்தைப் பார்த்தாள், தவளையைப் பார்த்தாள். "கோவிச்சுக்கிடாதா?" என்றாள். "ஊர்ல எல்லாச் சாமியும் காட்டுனதுக்கே நெறஞ்சுபோகுது. இது மட்டும் என்ன பெரிய சீமைச் சாமியா?" என்றேன். அவள்தான் முதலில் குடத்தைத் தவளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சுற்றிக் காட்டி, வெளியே போய் முற்றத்து வேம்புக்கு ஊற்றினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் அவர்களை ஏமாற்றவில்லை என்று நினைக்கிறேன். நானும் அன்றிலிருந்து ஒரு செம்பு காட்டித்தான் ஊற்றுகிறேன்.

ஐப்பசியில் மழை வந்தது. தவளையால் வந்தது என்று நான் சொல்லவில்லை, இல்லை என்று வேலம்மாவிடம் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. அதற்குள் தரையின் கொப்புளம் மெல்ல அமர்ந்தது. பூசிய பட்டைகள் வாரக்கணக்கில் விள்ளாமல் இருக்கின்றன, இத்தனை மழைக்கும். "விரிசல் நின்னுட்டு" என்று மட்டும் போனில் சொன்னேன், நீ தவளையை எடுத்ததால் என்று நினைத்துக்கொண்டாய். நானும் திருத்தவில்லை. அண்ணாச்சி வந்து மேலே, கீழே பட்டைகளை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "இரும்புக் கால் வேண்டாம் தங்கச்சி. தூணுக்கு எதுக்கு ஊணுகோல்?" என்றார். தரை வெடித்ததால் அதுவரை வராமலிருந்த பிள்ளைகள் தீபாவளி கழிந்து வந்துவிட்டார்கள்.

அன்றைக்குப் பிள்ளைகளுக்கெல்லாம் நெற்றியில் திருநீறு பூச நான் தரையில் உட்கார வேண்டியதாயிற்று. முழங்கால் வலித்ததால் தூணில் சாய்ந்துகொண்டேன். தவளை என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. உனக்குத்தான் தெரியுமே, எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கிற புத்தி எனக்கு. கன்னத்தைக் கல்லோடு வைத்து, அது பார்க்கும் பக்கம் பார்த்தேன். கிழக்குச் சுவரின் சின்ன ஜன்னல். ஆனால் அதில் தகரம் இல்லை, மகளே. அத்தனை தாழ்வாக இருந்து பார்த்தால் தகரக் கூரைக்கு மேலாகப் பார்வை ஏறிப்போகிறது. ஜன்னல் நிறைய வானம். மழைக்காலத்து மேகம் வருகிற கீழ்வானம், கறுத்துக் கிடந்தது. என் மடியில் இருந்த வேலம்மாவின் மகள் தவளையின் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டே, "மழ வருதான்னு பாக்கு" என்றாள், எனக்கு இது தெரியாதா என்கிற மாதிரி. பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் நாளே தெரிந்துவிட்டது. நின்றுகொண்டே இருக்கிற எங்களுக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பெண்கள் மழை கேட்டு அதனிடம் வந்தது ஒன்றும் தப்பில்லை.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில்: தவளை இருக்கிறது. வாய் காய்ந்துதான் இருக்கிறது, அன்றைக்கு விரலை விட்டுப் பார்த்தேன். அதைக் கொத்தி எடுத்திருந்தால் அந்த ஜன்னல் வெறும் தகரத்தைப் பார்க்கிற ஜன்னலாகியிருக்கும், தூண் கூரையைத் தாங்குகிற கல்லாக மட்டும் இருந்திருக்கும். ஜன்னலை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டது உங்களில் யார், தவளையின் கழுத்தை அத்தனை அண்ணாந்து செய்தது யார் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிகிறதா? உன் உளியும் சுத்தியலும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன், யாருக்கும் கொடுக்கவில்லை. மதினி வீட்டு அம்மி மறுபடி வழுக்குகிறதாம், கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கம்பெனிக்காரர்களுக்கு என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஊர் மண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் கெடு வைத்த மாதக் கடைசி வருகிறது என்று அவசரத்தில், நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிடாதே. அந்தத் தாளையும் ஒரு தரம் உட்கார்ந்து பார்.

உன் காலடியில் தண்ணீர் தேங்காமல் கழுகுமலை முருகன் பார்த்துக்கொள்வான்.

அம்மா